கட்டிலை விட்டுக் கீழே இறங்கு

என் மனைவி ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். விழுப்புரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் வாசலில் இருந்த தள்ளுநாற்காலியைக் காட்டி, "உக்காருமே" என்றேன். "எனக்கு காலா இல்ல?" என்று கேட்டுவிட்டு, இருமிக்கொண்டே எனக்கு முன்னால் படியேறினாள். அப்போது அவளுக்கு அறுபத்தேழு வயது. பங்குனி மாதம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கிற நேரம் நெருங்கிவிட்டது என்பதற்காக, ஒரு வாரமாகக் காய்ச்சலை யாரிடமும் சொல்லாமல் கொல்லை நிலத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

நான் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். உட்கார்ந்தே சம்பாதித்தவன். அவள் நின்றும் நடந்தும் குனிந்தும் சம்பாதித்தவள். மயிலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் கொஞ்சம் நிலத்தை, நான் டூட்டியில் இருந்த காலமெல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. மகள் பிறந்தபோதுகூட அம்மா வீட்டில் அதிக நாள் தங்காமல், கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார்கள். பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன், கையில் டிரிப்ஸ், சிறுநீருக்கு ஒரு டியூப். முதல் நாட்களில் மூச்சு வாங்கிய வேகத்தைப் பார்த்தபோது அவள் பிழைப்பாளா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவோடு வார்டில் தங்கிக்கொண்டாள். ஆண்களைக் காலையும் மாலையும் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரத்தில் நான் வார்டுக்கு வெளியே வராந்தாவில் கிடந்தேன்.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது, ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள், இருமலும் குறைந்தது. நாங்கள் எல்லாரும் சாமிக்கு வேண்டிக்கொண்டதை நினைத்துப் பார்த்துக்கொண்டோம். அவளுடைய அண்ணி திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பஸ் பிடித்துத் தூக்குவாளியோடு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இத்தன வருஷம் ஒழச்சிக் கொட்டினது போதும். நீ அசையாத படுத்துக்கினு இரு. நாங்க இன்னாத்துக்கு இருக்கோம்?" என்றாள். ரசஞ்சோற்றைக் குழைத்து, படுத்திருந்தவளுக்கே ஸ்பூனால் ஊட்டினாள். மகள் காலை அமுக்கினாள். ஒரு பக்கமாகத் திரும்ப வேண்டும் என்றால்கூட இரண்டு பேர் ஓடிவந்து திருப்பினோம். பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் சொன்னது ஒரே வார்த்தைதான்: ரெஸ்ட்.

முதலில் அவளுக்கும் அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். "இப்பிடி ஒரு நாளும் படுத்ததில்ல" என்று என்னிடம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு பேச்சும் குறைந்தது.

ஒரு நாள் காலையில் நான் உள்ளே இருந்தபோது, பாத்ரூமுக்குப் போகிறேன் என்று காலைக் கீழே வைத்தாள். எழுந்ததுதான் தெரியும். இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் மடங்கின. நான் இடுப்பில் கைகொடுத்துப் பிடித்திருக்காவிட்டால் தரையில் விழுந்திருப்பாள். மறுபடி கட்டிலில் உட்காரவைத்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போன கால்களைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

நர்ஸ் ஓடிவந்து, "தனியா இறங்கக் கூடாதும்மா, விழுந்தா இடுப்பு எலும்பு ஒடஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகள் கடையில் டயப்பர் வாங்கி வந்தாள். அதைக் கட்டும்போது என் மனைவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாளாம். அதற்குப் பிறகு தண்ணீர் கொடுத்தால் உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைத் தள்ளிவிட்டாள். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. சிறுநீருக்கு டியூப் இருந்தாலும், எதை உள்ளே விட்டாலும் மலம் அந்தத் துணியில்தான் போக வேண்டியிருக்கும் என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டாள் என்று பின்னால் அவளே சொன்னாள்.

அடுத்த நாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு நான் உள்ளே போனபோது மகள் வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். "அம்மாக்கு நான் யாருன்னு தெரியலப்பா" என்றாள். கட்டிலில் என் மனைவி விட்டத்தைப் பார்த்தபடி, "கன்னுக்குட்டிய அவுத்து உட்டுட்டாங்க, கொல்லையில பூந்துக்கினு மேயுது, யாராச்சும் ஓட்டுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்களிடம் கன்றுக்குட்டி இருந்து பல வருடம் ஆகிறது. மகளைப் பார்த்து, "நீ யாரூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு போர்வையை விலக்கி என் மனைவியின் தொடையைத் தொட்டுப் பார்த்தார். "நெஞ்சு நல்லாயிடுச்சு. இவங்கள ஏன் இன்னும் படுக்கவே வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரெஸ்ட் எடுக்கட்டும்னுதாங்க" என்றேன்.

"வயசானவங்களுக்கு இந்த ரெஸ்ட்டுதான் இப்போ வியாதி. படுத்தே இருந்தா கால் தசை கரைஞ்சு போயிடும், சளி கட்டும், புண்ணு வரும், மனசும் கொழம்பும். நேத்து சாயங்காலம் கொழம்பினதுக்கு இதுவும் ஒரு காரணம். தண்ணி குடிக்காததும் காரணம். இன்னிக்கே பிசியோவ வரச் சொல்றேன்."

வந்த பிசியோதெரபி மேடம் நடு வயதுக்காரர். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே விடச் சொல்லி, முழங்கையை ஊன்றி எழும்பச் சொன்னார். நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனேன். "அப்படித் தூக்காதீங்க ஐயா, தோள்பட்டை போயிடும். அவங்களே எழும்பட்டும். நீங்க பக்கத்துல நின்னா போதும்" என்று என் கையைத் தட்டிவிட்டார். கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்து, தலைசுற்றல் அடங்கும்வரை காத்திருந்தார். வழுக்காத செருப்பு போடவைத்தார். "இப்போ குனிஞ்சி மூக்க முட்டிக்கு முன்னால கொண்டாங்கம்மா. அப்படியே எழுந்திரிங்க."

என் மனைவி எழுந்தாள். கால் இரண்டும் காற்றில் ஆடும் கொடிபோல நடுங்கின. நெற்றியில் வேர்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போதும், உட்டுடுங்க" என்றாள்.

"இன்னிக்குப் போதும்" என்றார் அந்த மேடம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நான் ஒரு நாளைக்கு ஒரு தடவதான் வர முடியும். வார்டு பூரா பாக்கணும். மீதி நேரமெல்லாம் நீங்கதான். சாப்பாடு, காபி எதுவா இருந்தாலும் படுத்துக்கினு கூடாது. உக்காந்துதான். பகல்ல கட்டில விட நாற்காலியில அதிக நேரம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மகள் என்னைப் பார்த்து, "அம்மா கால் நடுங்குனத பாத்தியாப்பா? மறுபடி விழுந்தா இன்னா பண்றது? நான் பண்ண மாட்டேன்" என்றாள்.

"நான் பண்றேன்" என்றேன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. முந்தின நாள் அவள் கன்றுக்குட்டியைத் தேடிய குரல் காதிலேயே இருந்தது. அவளை அந்தக் கட்டிலுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

ஆனால் என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் நான் போய், "எழுந்து உக்காருமே" என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெஞ்சினேன். அதட்டினேன். டெப்போவில் ரொம்ப நாள் நிறுத்திவைத்த வண்டிக்கு என்ன ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தேன். "ஒன் பஸ்ஸு கதய நிறுத்துய்யா, பேஜாரு பண்ணாத" என்றாள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. திட்டுகிறாள் என்றால் தெளிவாக இருக்கிறாள்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரு அது, மல்லாட்டக்காரியா? அவ எழுந்திரிக்க மாட்டா அண்ணே. அவளுக்குப் பயம்."

மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்த அம்மா அது. என் மனைவியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ரத்தத்தில் உப்பு குறைந்து நினைவில்லாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நினைவு திரும்பியதிலிருந்து வார்டு முழுவதும் அவள் குரல்தான். "கடல் தண்ணியிலயே பொறந்து வளந்தவளுக்கு உப்பு கொறஞ்சி போச்சாம், இத நான் யார்கிட்ட சொல்வேன்" என்று நர்ஸ்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மகன் கடலுக்குப் போய்விடுவான். மருமகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு முடிந்தபோது வந்துபோவாள். பெரும்பாலும் தனியாகத்தான் இருந்தாள். அவளும் படுத்துக் கிடந்ததில் கால் விட்டுப்போய்த்தான் இருந்தது. கூடை தூக்கி ஊர் ஊராக நடந்து மீன் விற்றவள்.

"யாருக்கு பயம்?" என்றாள் என் மனைவி, சுவரைப் பார்த்தபடியே.

"ஒனக்குத்தான். எனக்கும்தான். நீ எழுந்து நில்லு, நானும் நிக்கிறேன். இன்னா சொல்ற?"

என் மனைவி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு முழங்கையை ஊன்றினாள். "ஒன் வாய அடைக்கறதுக்காவ எழுந்திரிக்கறேன்" என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நடுங்கிக்கொண்டே எழுந்தாள். பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மாவும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளைப் பிடிக்க யாரும் இல்லை. நான் தொட்டால் நன்றாக இருக்குமா என்று தயங்கிய நேரத்தில் என் மகள் ஓடிப்போய் அவள் இடுப்பில் கைவைத்துப் பக்கத்தில் நின்றாள். பெற்ற தாயை நடக்கவைக்கப் பயந்தவள், இன்னொருத்தி விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் கைகொடுத்துவிட்டாள். இரண்டு கிழவிகளும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் உட்கார்ந்தார்கள் என்பதில் இன்றுவரை வழக்கு இருக்கிறது.

மறுநாளிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாடு. பிறகு கட்டிலைச் சுற்றி நடை. பிறகு வார்டுக் கதவு வரை. மகள் உள்ளே ஒரு கையில் அம்மாவையும், பிசியோ மேடம் கொடுத்த வாக்கரில் மீன்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவாள். கதவுக்கு இந்தப் பக்கம் வராந்தா என்னுடைய இடம். செக்யூரிட்டியிடம் கேட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வராந்தாவில் போட்டு வைத்தேன். என் மனைவி அது வரைக்கும் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் போவாள்.

ஒவ்வொரு நாளும் அவள் வருவதற்கு முன்னால் அந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

"நாற்காலிய நவுத்திட்டியா?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"இல்லையே."

"நேத்து இந்தத் தூணுகிட்ட இருந்துச்சி. எனக்கு கண்ணு அவிஞ்சா போச்சி?"

"கூட்டறவங்க நவுத்தியிருப்பாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியை நோக்கி நடந்தாள். வராந்தாவில் அவள் கையை நான் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் பார்க்க நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததே இல்லை. தேர்த்திருவிழாக் கூட்டத்தில்கூட நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். முதல் நாள் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எதிரே யாராவது வந்தால் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. அவள் கை இவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் மனமும் தெளிந்துவந்தது. கொல்லையில் கூலியாட்கள் வந்தார்களா, பறித்த மல்லாட்டையை எங்கே காயப்போட்டிருக்கிறார்கள், மழை இருட்டிக்கொண்டு வருகிறதா என்று கேட்க ஆரம்பித்தாள். வராந்தாவின் கடைசியில் ஒரு ஜன்னல் இருந்தது. "அதுல வானம் தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டாள். "போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். அன்றைக்கு நாற்காலியைத் தாண்டிப் போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். "மழ இல்ல. காயட்டும்" என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்த மறுநாளே அவளுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தது.

கடுங்குளிரோடு வந்த காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பற்கள் அடித்துக்கொண்டன. நடை நின்றது. மகள் போன் செய்து சொல்லியிருக்கிறாள். அண்ணி அன்று மத்தியானமே வந்துவிட்டாள். வார்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா கேட்டீங்களா? பச்ச ஒடம்புக்காரிய போட்டு நடக்க வச்சி, நடக்க வச்சி, இப்ப எங்க கொண்டாந்து உட்டிருக்கீங்க பாத்தீங்களா? அவ உசுரோட ஊட்டுக்கு வரணுமா வேணாமா?"

ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ என்று நினைத்தேன். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. மகளும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

டாக்டர் வந்ததும் வாயை விட்டுக் கேட்டுவிட்டேன். "நடக்க வச்சதால வந்துச்சாங்களா?"

"இல்லீங்க ஐயா. யூரின்ல கிருமி இருக்கு. டியூப் போட்டு நாளாச்சுன்னா சிலருக்கு இப்படி வரும். நடந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. டியூப எடுத்துடறேன், மருந்து மாத்தறேன். காய்ச்சல் எறங்கற வரைக்கும் கட்டில்லயே காலை மடக்கி நீட்டட்டும். ஆனா சாப்பாடு உக்காந்துதான்."

அதை அண்ணியும் கேட்டாள். ஆனாலும் முகம் தெளியவில்லை. காய்ச்சல் இறங்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் என் மனைவி படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். மீன்கார அம்மா தன் கட்டிலில் உட்கார்ந்து, "ஆட்டு, ஆட்டு, நிறுத்தாத" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை. நான் உள்ளே போயிருந்தேன். மகள் கையில் புது டயப்பர் பாக்கெட். அண்ணி தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். என் மனைவி யாரும் சொல்லாமலே ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பாதத்தையும் தரையில் வைத்தாள். "அத எடுத்துக்கினு போ" என்று மகள் கையில் இருந்ததைக் காட்டினாள். "இனிமே டியூபும் வேணாம், அந்தத் துணியும் வேணாம். நான் பாத்ரூமுக்குப் போறேன்."

"இப்பத்தான் காய்ச்சல் உட்டிருக்கு, படு" என்றாள் அண்ணி.

"அண்ணி, நீ சோறு ஆக்கிக் கொண்டாந்தது போதும். வந்து இந்தப் பக்கம் நில்லு."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் வழிவிட்டு விலகினேன். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். அவள் அக்குளில் கைகொடுக்கப் போனபோது என் மகள், "அப்பிடிப் புடிக்கக் கூடாது அத்த. அம்மாவே எழுந்திரிக்கும்" என்றாள்.

எழுந்தாள். முன்பு நடந்ததில் பாதி பலம் போயிருந்தது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் நடுவில் நின்று நின்று போனாள். ஒரு இடத்தில் கால் இழுத்தது. அண்ணி, "ஐயோ" என்றாள். "கத்தாத" என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுத்த அடியை வைத்தாள். நான் வார்டு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. மற்ற கட்டில்களில் இருந்தவர்களும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது போல எனக்குத் தோன்றியது.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு ஒதுக்கியிருந்தாள். கட்டிலுக்கு வராமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தண்ணி குடு" என்று கேட்டாள். ஒரு டம்ளர் முழுவதையும் மடமடவென்று குடித்தாள். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளை நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. நான் போவதற்குள் நடந்து முடித்திருப்பாள். மீன்கார அம்மா எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போனாள். மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். வார்டுக் கதவு வரைக்கும் வாக்கர் இல்லாமல் நடந்துபோய், திரும்பி நின்று, "ஏ மல்லாட்டக்காரி, எங்க ஊர்ப் பக்கம் வந்தா மீனு கொழம்பு வச்சித் தர்றேன்" என்றாள். "நீ மொதல்ல அதுல உப்பு போட்டுத் தின்னு" என்றாள் என் மனைவி. மீன்கார அம்மாவின் சிரிப்பு வராந்தா முழுவதும் கேட்டது. அவள் போன பிறகு என் மனைவி கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தனியாக ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்த உடனே பழைய நடை வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மல்லாட்டையை அவள் இல்லாமலே பறித்து, காயவைத்து, மூட்டை கட்டியாகிவிட்டது. சித்திரை முழுவதும் வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள். சில நாள் முட்டி வீங்கும். சில நாள் எரிச்சலில் யாரோடும் பேச மாட்டாள். ஆனால் ஒரு நாளும் விடவில்லை. ஆடிப் பட்டத்துக்குக் கொல்லையில் ஏர் ஓட்டியபோது வரப்பில் நின்று டிராக்டர்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்றுதான் எனக்கு முழுசாக மூச்சு வந்தது.

அடுத்த வருடம் எனக்குக் குடலிறக்கம். திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் காலையில் எழுந்து நடக்க வேண்டும் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதெல்லாம் தெரிந்ததுதானே என்று நானும் தலையாட்டினேன்.

காலையில் கண்விழித்தபோது ஒன்றும் ஞாபகம் இல்லை. படுத்திருப்பது எவ்வளவு சுகம் என்பது மட்டும்தான் தெரிந்தது. அசைந்தால் தையல் போட்ட இடம் சுரீர் என்றது. டிரிப்ஸ் முடியட்டும் என்றேன். வலி மாத்திரை வேலை செய்யட்டும் என்றேன். கொஞ்சம் வெயில் ஏறட்டும் என்றுகூடச் சொன்னேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என் மனைவி மகள் வீட்டிலிருந்து வந்தாள். பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, போர்வையை இழுத்து மடித்து வைத்தாள். "எழுந்திரு" என்றாள்.

"வலிக்குது."

"வலிக்கும். ஒருக்களிச்சிப் படு. கால வெளிய உடு."

விளிம்பில் உட்கார்ந்தேன். என் பாதங்களுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த தூரம் பள்ளத்தாக்குபோல இருந்தது. வண்டி ஓட்டிய நாட்களில் திண்டிவனம் ரோட்டில் எத்தனையோ முறை விபத்திலிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பயம், ஒரு கட்டிலிலிருந்து இறங்குவதற்கு வந்தது. போன வருடம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது சோம்பலாலோ பிடிவாதத்தாலோ இல்லை என்பது அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

"ஒனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இதவிட மோசமா. இப்ப பேசிக்கினு உக்காராத. குனிஞ்சி எழுந்திரு."

எழுந்தேன். அவள் கைகொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். கண் இருட்டி, பிறகு தெளிந்தது. ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கட்டில் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எதிர்க் கட்டிலில் என்னைவிட வயதான ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய மகன் கட்டிலருகே நின்று, படுத்திருந்தவர் வாயிலேயே இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் விழுங்க முடியாமல் இருமினார். என் மனைவி என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அப்பாவுக்கு படுக்க வச்சா ஊட்டறது? நெஞ்சுல அடைச்சிக்காது? உக்காரக் கூடாதுன்னு டாக்டரு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்கம்மா. பாவம், வயசானவரு, படுத்துக்கினு இருக்கட்டும்னுதான்..."

"அந்தப் பாவம் பாக்கற வேலையே வேணாம். நர்ஸம்மாவ கூப்புடு. கட்டில் தலப்பக்கத்த தூக்கச் சொல்லு. ஐயா, நீங்க கொஞ்சம் இப்பிடி ஒருக்களிங்க பாப்போம்."

பெரியவர் யார் இந்தப் பொம்பளை என்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். அவர் எழுந்து உட்காராமல் அவள் அங்கிருந்து நகரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது? ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, நானே அறைக் கதவு வரைக்கும் நடந்தேன்.